கேள்வி – பதில்: பிரான்சில் ஓர் இரகசிய அமைப்பு வெளிப்பட்ட கதை

சென்ற இதழில், நம் கியூர்பிப்பில் பிறந்து, நாஜிகள் பிடித்து வைத்திருந்த பிரான்சுக்குள் பாராசூட்டில் இறங்கிய லீஸ் த பேசாக் அம்மையாரைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவரைச் சுற்றி இயங்கிய இரகசிய அமைப்புகள் ஒவ்வொன்றாக எப்படி வெளிப்பட்டன என்று கேட்டு வந்த கடிதங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. ஆகவே இம்மாதம் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். இராகு–கேது பெயர்ச்சி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஐயா, லீஸ் அம்மையாரோடு ஒரே இரவில் குதித்த இன்னொரு பெண் ஓராண்டு முடிவதற்குள் பிடிபட்டுவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். இவரோ 98 வயது வரை வாழ்ந்திருக்கிறார். இது அதிர்ஷ்டம்தானா?
— ஒரு வாசகி, கியூர்பிப்

அதிர்ஷ்டமும் உண்டு அம்மா, ஆனால் அதற்குள்ள பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. 1942 செப்டம்பர் 24 இரவு லீஸும் ஆந்த்ரே பொரெலும் ஒரே விமானத்திலிருந்து குதித்தார்கள். எதிரி பிடித்த நாடுகளுக்குள் இரகசிய ஆட்களை அனுப்பிவந்த பிரிட்டனின் சிறப்பு நடவடிக்கைப் பிரிவு பிரான்சில் பாராசூட் மூலம் இறக்கிய முதல் பெண்கள் இவர்கள் இருவரே. பொரெல் பாரிஸுக்குப் போய், 'பிராஸ்பர்' என்ற பெயரில் பிரான்சிஸ் சட்டில் அமைத்த பெரிய அமைப்பில் அவருடைய தூதராக, அதாவது இரகசியச் செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவராகச் சேர்ந்தார். லீஸ் புவாத்தியே நகருக்குப் போனார். அங்கே இரீன் பிரிஸ் என்ற பெயரில், பழங்காலச் சின்னங்களில் ஆர்வமுள்ள ஒரு சாதாரண விதவையாக வாழ்ந்தார். இடிபாடுகளைப் பார்க்கப் போகும் விதவை மிதிவண்டியில் வயல் வயலாகச் சுற்றினால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். அந்த வயல்களில் எது விமானம் இறங்கத் தோதானது என்று அவர் பார்த்து வைத்துக்கொண்டார். குடியிருந்த வீடோ நாஜிகளின் இரகசியப் போலீசான கெஸ்டபோவின் தலைமையகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஆனால் அவரைக் காப்பாற்றியது இந்தத் துணிச்சல் என்பதைவிட அவருக்கு இருந்த வசதிக்குறைவு என்றே சொல்வேன். புவாத்தியேயில் அவருக்கென்று வயர்லெஸ் இயக்குபவர் கிடையாது. லண்டனுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டுமானால் பாரிஸுக்கோ, தம்பி க்ளோத் இருந்த போர்தோவுக்கோ போயாக வேண்டும். ஊரில் தோழர்கள் கிடையாது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஆள் கிடையாது. அந்த வேலையில் தம்மை மிகவும் வாட்டியது தனிமைதான் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பாரிஸிலோ இதற்கு நேர்மாறாக, சட்டில், பொரெல், வயர்லெஸ் இயக்கிய கில்பர்ட் நார்மன் ஆகியோர் அடிக்கடி ஒன்றாகக் கூடிச் சாப்பிட்டார்கள், சீட்டாடினார்கள். உயிரைப் பணயம் வைத்து அந்நிய ஊரில் வாழும் இளைஞர்கள் ஒருவரையொருவர் தேடிப் போனதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எதிரிக்கு அதுவே வழியாயிற்று.

கேள்வி: ஒருவர் பிடிபட்டார் என்று தெரிந்ததும் மற்றவர்கள் அன்றே இடம் மாறிவிட வேண்டியதுதானே? ஏன் ஒருவர்பின் ஒருவராகப் போய்ச் சிக்கினார்கள்?
— ஒரு வாசகர், ரோஸ் ஹில்

விதி அப்படித்தான் இருந்தது. பிடிபட்டவர் எத்தனை சித்திரவதை நேர்ந்தாலும் 48 மணி நேரம் வாய் திறக்காமல் தாங்க வேண்டும். அதற்குள் மற்றவர்கள் வீடு மாறி, சந்திக்கும் இடங்களைக் கைவிட்டு, ஆயுதங்களை வேறிடத்தில் ஒளித்துவிட வேண்டும். சொல்வதற்கு எளிது. ஆனால் அந்தச் செய்தி முதலில் வந்து சேர வேண்டுமே! தொலைபேசியை ஒட்டுக் கேட்பார்கள். தபாலைப் பிரித்துப் படிப்பார்கள். ஆகவே ஒருவர் இரயிலிலோ மிதிவண்டியிலோ நேரில் வந்து சொன்னால்தான் உண்டு. இரவில் ஊரடங்கு. இடம் மாறுவதென்றால் புதிய அடையாள அட்டையும் உணவுப் பங்கீட்டுச் சீட்டும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தம் குடும்பத்தின் உயிரையே பணயம் வைத்து அடைக்கலம் தர இன்னொரு வீட்டார் முன்வர வேண்டும். முன்வருகிறவர்கள் எத்தனை பேர்? தெரிந்த அந்த நாலு வீட்டுக்கே திரும்பத் திரும்பப் போனார்கள்.

பிராஸ்பர் அமைப்பின் கதையைப் பாருங்கள். 1943 ஜூன் 21 அன்று, பாரிஸுக்குத் தெற்கே சொலோன் பகுதியில் துயிசோன் என்ற சிற்றூரில் ஜெர்மானியர் சாலையை மறித்துச் சோதனை நடத்தினார்கள். அந்த வழியே ஒரு கார் வந்தது. அதில் அந்தப் பகுதிக் கிளையை நடத்திய பியேர் குலியோலியும் தூதர் இவோன் ருதெல்லாவும், சில நாட்களுக்கு முன்புதான் பாராசூட்டில் இறங்கியிருந்த கனடா நாட்டவர் இருவரும் இருந்தார்கள். கனடாக்காரர்களின் பேச்சு ஐயத்தைக் கிளப்பவே, குலியோலி காரை வேகமாக ஓட்டித் தப்பப் பார்த்தார். துரத்திச் சுட்டதில் ருதெல்லாவின் தலையில் குண்டு பாய்ந்தது. காரில் இருந்த பொட்டலங்களில் வயர்லெஸ் கருவிக்கான படிகங்கள் இருந்தன. அவற்றோடு சங்கேத எழுத்தாக மாற்றப்படாத, யாரும் படிக்கக்கூடிய செய்திகள் யார் யாருக்கு என்ற குறிப்போடு இருந்தன. மூன்று நாட்களுக்குள், ஜூன் 24 காலைக்குள், பாரிஸில் நார்மன், பொரெல், சட்டில் மூவரும் கைதாகிவிட்டார்கள். அதன்பின் கிளை கிளையாகப் பிடித்து இழுத்ததில் நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். மருத்துவர், ஆசிரியர், ஆயுதங்களை வைக்கோல் களத்தில் ஒளித்து வைத்த குடியானவர் என்று பெரும்பாலோர் உள்ளூர்க் குடும்பத்தினர்.

காவடித் திருவிழாவை நடத்தும் நம் கோயில் குழுவில் யார் எந்தச் சாவியை வைத்திருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அதனால்தான் காரியம் தடங்கலின்றி நடக்கிறது. பிராஸ்பரும் அப்படி வளர்ந்துவிட்டது. நண்பர் நண்பரைச் சேர்த்தார். மைத்துனர் மைத்துனரைச் சேர்த்தார். ஒரு கிளைக்கு மறு கிளை தெரியக் கூடாது என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஆனால் ஆட்கள் பெருகப் பெருக, ஆயுதங்கள் வந்து குவியக் குவிய, அந்தப் பாடத்தைக் கடைப்பிடித்தால் வேலை ஓடவில்லை.

கேள்வி: நேராகக் கேட்கிறேன். இந்தக் கதையில் எட்டப்பன் யார்?
— ஒரு வாசகர், போர்ட் லூயிஸ்

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். பிரான்சிலும் பிரிட்டனிலும் போர் முடிந்த நாள் முதல் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதிகமாக அடிபடும் பெயர் ஆன்றி தெரிக்கூர். இரகசிய விமானங்கள் இறங்கும் இடங்களை ஏற்பாடு செய்தவர் இவர். விமானத்தில் போக வேண்டிய கடிதங்களை அனுப்பும் முன் ஜெர்மானியர் பார்க்க விட்டார் என்பது குற்றச்சாட்டு. 1948இல் பாரிஸில் இராணுவ நீதிமன்றம் அவரை விசாரித்தது. லண்டன் அலுவலகத்தின் பழைய அதிகாரி ஒருவரே வந்து அவருக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னதால் அவர் விடுதலையானார். அவருக்கும் ஜெர்மானியருக்கும் தொடர்பு இருந்தது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை.

போர்தோவில் க்ளோத் த பேசாக்கின் அமைப்புக்குள்ளும் ஒருவர் இருந்தார். ஆந்த்ரே க்ராங்க்ளெமான் என்ற உள்ளூர்த் தலைவர் 1943 செப்டம்பரில் கைதானார். கெஸ்டபோவின் அதிகாரி ஃப்ரீட்ரிஷ் தோஸ அவரை உட்காரவைத்துப் பக்குவமாகப் பேசினார். உங்கள் நாட்டுக்கு உண்மையான ஆபத்து ஜெர்மானியரா, கம்யூனிஸ்டுகளா என்று கேட்டு, அவரைத் தம் பக்கம் இழுத்து, ஆயுதக் கிடங்குகளை அவர் வாயாலேயே சொல்ல வைத்தார். க்ளோத்தும் லீஸும் அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்டில், விமானத்தில் லண்டன் திரும்பியிருந்தார்கள்.

எனினும், எட்டப்பனைத் தேடும் இந்த ஆசையை நான் சந்தேகிக்கிறேன். ஒரு துரோகியின் பெயர் கிடைத்துவிட்டால் மற்ற எல்லாருக்கும் நிம்மதி. துயிசோன் காரில் வெளிப்படையான எழுத்தில் செய்திகள் இருந்ததற்குத் தெரிக்கூர் காரணமல்லர். லண்டனில் நடந்ததற்கும் அவர் காரணமல்லர். அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: பிரான்ஸ் ஆந்தெல்ம் என்ற மொரீஷியஸ்காரர் நேரே ஜெர்மானியர் கையிலேயே போய்க் குதித்தார் என்று என் தாத்தா சொல்லுவார். அது எப்படி நடக்கும்? நூர் இனாயத் கானுக்கும் இதில் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?
— ஒரு கல்லூரி மாணவர், காத்ர் போர்ன்

உங்கள் தாத்தா சொன்னது முழுக்க உண்மை, தம்பி. ஆந்தெல்மும் கியூர்பிப்பில் பிறந்தவர்தான், 1900ஆம் ஆண்டு. மடகாஸ்கரில் வணிகம் செய்துவந்தவர், நாற்பது வயதைத் தாண்டிய பின் இந்த வேலைக்கு வந்தார். 1942 நவம்பரில் முதன்முறையாகப் பிரான்சில் இறங்கியபோது பிராஸ்பர் அமைப்போடு நெருங்கிப் பழகினார்.

1943 ஜூனில் நூர் இனாயத் கான் வயர்லெஸ் இயக்குபவராகப் பாரிஸுக்கு வந்தார். இந்தியாவின் சூஃபி ஞானியும் இசைவாணருமான இனாயத் கானின் மகள், திப்பு சுல்தான் வழிவந்தவர். நூர் வந்து ஒரு வாரத்துக்குள் பிராஸ்பர் சரிந்தது. அந்தக் கலவர நாட்களில் ஆந்தெல்மும் நூரும் ஒளிந்து வாழ்ந்தபடி சந்தித்துக்கொண்டார்கள். ஜூலையில் ஆந்தெல்ம் லண்டன் திரும்பினார். நூரையும் திரும்பச் சொன்னார்கள். பாரிஸில் தம் வயர்லெஸ் தவிர வேறு தொடர்பு இல்லாத நிலையில் போகமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அக்டோபரில் கைதானார். அவருடைய அறையில், அதுவரை அனுப்பிய செய்திகளையும் பெற்ற செய்திகளையும் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகம் ஜெர்மானியருக்குக் கிடைத்தது. நூர் பேசவில்லை, தப்பியோடவும் முயன்றார். ஆனால் நோட்டுப் புத்தகம் பேசிவிட்டது. பாரிஸ் அவென்யூ ஃபோஷ் 84ஆம் எண் கட்டடத்தில் யோசெஃப் கீஃபரின் கீழ் இயங்கிய பிரிவு, நூரைப் போலவே லண்டனுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியது.

இதைத் தடுப்பதற்கென்றே ஓர் ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு வயர்லெஸ் இயக்குபவரும் செய்தியில் குறிப்பிட்ட இடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழை விட வேண்டும். எதிரி வற்புறுத்தினால் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு பிழை, உண்மையில் விட வேண்டிய பிழை வேறொன்று. இரண்டாவது பிழை இல்லாமல் செய்தி வந்தால், ஆள் பிடிபட்டுவிட்டார் என்று பொருள். நார்மன் கைதானபின் அவர் பெயரில் வந்த முதல் செய்தியில் அந்த இரண்டாவது அடையாளம் இல்லை. லண்டன் என்ன செய்தது தெரியுமா? அடையாளத்தை மறந்துவிட்டீர்கள், அடுத்த முறை கவனமாக இருங்கள் என்று கடிந்து பதில் அனுப்பியது! சிறையில் இருந்த மனிதரிடம் அந்தப் பதிலைக் காட்டினால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? தம்மிடம் மறைத்த இரகசியம் ஒன்று உண்டு என்பதை ஜெர்மானியருக்கு லண்டனே சொல்லிக்கொடுத்தது.

நூர் விஷயத்திலும் எச்சரிக்கை வந்தது. 1943 அக்டோபரில் சுவிட்சர்லாந்திலிருந்து, அவர் பெரிய விபத்தில் சிக்கி மருத்துவமனையில் இருக்கிறார் என்று மறைமொழியில் ஒரு தகவல் வந்தது. அனுப்பியவரைத் தெரியாது என்பதால் அதை ஒதுக்கி வைத்தார்கள். பிரெஞ்சுப் பிரிவின் தலைவர் மோரிஸ் பக்மாஸ்டர் கெட்டவர் அல்லர். தம் பிள்ளைகள் பிடிபட்டிருப்பார்கள் என்று நம்ப அவர் மனம் ஒப்பவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விளைவு ஒன்றுதான். 1944 பிப்ரவரி 29 பிறந்த நள்ளிரவில், ஷார்த்ர் நகருக்குக் கிழக்கே, அந்த வயர்லெஸ் வழியே ஏற்பாடான வயலில் ஆந்தெல்மும் வயர்லெஸ் இயக்கிய லயனல் லீயும் தூதரான மாதலேன் தமெர்மானும் குதித்தார்கள். விளக்கு காட்டி வரவேற்றவர்கள் ஜெர்மானியர். பிறகு, ஆந்தெல்ம் இறங்கும்போது தலையில் பலத்த அடிபட்டுக் கிடக்கிறார் என்று லண்டனுக்குச் செய்தி போயிற்று. ஆள் ஏன் நேரில் பேசவில்லை என்று கேள்வி வரக்கூடாதல்லவா, அதற்காக!

ஆந்தெல்மும் லீயும் க்ரோஸ்–ரோஸன் முகாமில் கொல்லப்பட்டார்கள். நூரும் தமெர்மானும் வேறு இரு பெண்களும் 1944 செப்டம்பர் 13 அன்று தாஹாவ் முகாமில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள்.

இது பாரிஸில் மட்டும் நேர்ந்த விபத்தல்ல. ஹாலந்தில் இதே தவறு 1942 மார்ச்சிலிருந்தே நடந்துவந்தது. அங்கே பிடிபட்ட ஹூபர்ட் லாவர்ஸ் அடையாளப் பிழை இல்லாமலேயே செய்திகளை அனுப்பி அனுப்பிப் பார்த்தார்; லண்டன் கண்டுகொள்ளவில்லை. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் ஜெர்மானியர் கைக்கே போய் இறங்கினார்கள். சங்கேதப் பிரிவில் இருந்த லியோ மார்க்ஸ் என்ற இளைஞருக்கு மட்டும் ஒன்று உறுத்திற்று: ஹாலந்திலிருந்து வரும் செய்திகளில் சங்கேத எழுத்துப் பிழையே இல்லை. உயிருக்கு அஞ்சி, மங்கலான வெளிச்சத்தில், அவசரமாக எழுதுகிறவன் பிழையே விடமாட்டானா?

கேள்வி: ஏர் மொரீஷியஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அமேதே மேங்காரும் இந்த வேலையில் இருந்தவரா?
— ஒரு வாசகர், மேபூர்

ஆம். அவர் 1943 ஏப்ரலில் பாராசூட்டில் இறங்கி, மோரிஸ் சவுத்கேட் நடத்திய 'ஸ்டேஷனர்' அமைப்பின் வயர்லெஸ் இயக்குபவராக இருந்தார். மத்தியப் பிரான்சிலிருந்து பிரெனீஸ் மலை வரை நீண்ட பரப்பு அது. 1944 மே 1 அன்று மோன்லூசோன் நகரில், களைத்துப்போயிருந்த சவுத்கேட், ஒரு வீட்டுக்குள் நுழையும் முன் ஆபத்துக்கு அடையாளம் வைத்திருக்கிறார்களா என்று பார்க்கத் தவறினார். உள்ளே கெஸ்டபோ காத்திருந்தது. அன்று பிற்பகல் மேங்கார் சற்று ஓய்வெடுக்கட்டும் என்று தோழி பேர்ல் விதரிங்டன் அவரை ஊருக்கு வெளியே அழைத்துப் போயிருந்ததால் அவர் தப்பினார். அதன்பின் அந்தப் பெரிய அமைப்பை அவ்விருவரும் ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்து நடத்தினார்கள். களைப்புதான் ஒருவரைச் சிக்கவைத்தது. ஓய்வுதான் இன்னொருவரைக் காப்பாற்றியது. மேங்கார் பிற்காலத்தில் போரைப் பற்றி அதிகம் பேசியதில்லை. 1967இல் விமான நிறுவனம் தொடங்கியபோது அதன் தலைவரானார்.

கேள்வி: இத்தனை சிறிய தீவிலிருந்து இத்தனை பேர் ஏன்? நம் தமிழர் யாரும் இருந்தார்களா?
— ஒரு வாசகி, போ பாஸேன்

1810இல் ஆங்கிலேயர் இத்தீவைப் பிடித்தபோது மக்களின் மொழி, சட்டம், வழக்கம் ஆகியவற்றை விட்டுவைத்தார்கள். அதனால் பிரெஞ்சைத் தாய்மொழியாகப் பேசும் பிரிட்டிஷ் குடிமக்கள் இங்கே இருந்தார்கள். பிரெஞ்சுக் குடிமக்களைத் தம்மிடமே சேர்க்க வேண்டும் என்று ஜெனரல் த கோல் வற்புறுத்தியதால், லண்டனுக்கு இப்படிப்பட்டவர்களே தேவைப்பட்டார்கள். நான் இங்கே பெயர் சொன்ன மொரீஷியஸ்காரர் எல்லாரும் பிரெஞ்சு வம்சாவளியினர். பிரான்ஸ் நாட்டுச் சிற்றூரில் யார் கண்ணிலும் படாமல் நடமாட வேண்டிய வேலைக்கு நம் நிறத்தவரைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பில்லை. நம்மவர்கள் போரில் இருந்த இடம் வேறு: மொரீஷியஸ் பயனியர் படைப்பிரிவுகளில் சேர்ந்து எகிப்து, லிபியா பாலைவனங்களில் குழி தோண்டி, சரக்கு இறக்கிப் பணியாற்றியவர்களில் இந்திய வம்சாவளியினர் ஏராளம். உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்தக் காலப் படைச் சீட்டு ஏதும் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: இத்தனை பேர் செத்ததற்கு லண்டனில் யாராவது பொறுப்பேற்றார்களா?
— ஒரு வாசகர், வாக்குவா

ஹாலந்தில் நடந்ததை அந்நாட்டு நாடாளுமன்றமே குழு அமைத்து விசாரித்தது. பிரிட்டனில் அப்படி எதுவும் நடக்கவில்லை. சிறப்பு நடவடிக்கைப் பிரிவு 1946 தொடக்கத்தில் கலைக்கப்பட்டது. அதன் அலுவலகத்தில் மூண்ட தீயில் கோப்புகள் ஏராளமாக எரிந்துபோயின. பிரெஞ்சுப் பிரிவின் அரசாங்க வரலாறு 1966இல்தான் அச்சில் வந்தது.

பொறுப்பேற்றவர் என்று ஒருவரைச் சொல்லலாமென்றால், பக்மாஸ்டரின் உதவியாளராக இருந்த வேரா அட்கின்ஸைத்தான் சொல்வேன். எச்சரிக்கைகளை ஒதுக்கிய அந்த அறையில் அவரும் இருந்தவர்தான். போர் முடிந்தபின் ஜெர்மனிக்குப் போய், முகாம் காவலர்களையும் கைதிகளையும் சிறையில் இருந்த கீஃபரையும் விசாரித்து, காணாமற்போன 118 பேரில் 117 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கண்டறிந்தார். மத்தியப் பிரான்சில் வாலான்சே என்ற ஊரில் 1991இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில், திரும்பாத 104 பேரின் பெயர்கள் இருக்கின்றன. ஆந்தெல்மின் பெயரும் அவற்றில் ஒன்று. பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் வாசகர்கள் அங்கே போனால், லுவார் ஆற்றங்கரை அரண்மனைகளைப் பார்க்கும் வழியிலேயே அந்த ஊர் வரும்.